சுண்டுவிரல் மை

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. வாக்கியம் என்னுடையதல்ல. இரவு வேலை முடிந்து, திருவண்ணாமலையில் வேங்கிக்கால் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருந்தேன். முன்சீட்டில் இருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்: "அவ புள்ளைக்கு மட்டும் ஒண்ணுமே வராதா?"

முகத்தைப் பார்க்கவில்லை. கலெக்டர் ஆபீஸ் நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள். குரலில் கோபம் இல்லை. இன்றைக்குக் கத்தரிக்காய் வரவில்லையா என்று கடையில் கேட்பது போலக் கேட்டாள். ஒரு குழந்தைக்கு ஏதாவது வரட்டும் என்று ஒருத்தி இவ்வளவு சாதாரணமாக ஆசைப்படலாம் என்பது எனக்குப் பிடித்திருந்தது. [பிடித்திருந்தது என்பதை மாற்றலாமா என்று பார்த்தேன். வேண்டாம்.]

அவளுக்கு வள்ளி என்று பெயர் வைத்தேன். ஆண்டு இரண்டாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "மலை உச்சியில் வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தபோது வள்ளி தன் மகளின்—"

அடித்துவிட்டேன். திருவண்ணாமலையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் மலையில்தான் தொடங்குகிறார்கள். வேங்கிக்காலில் குடியிருப்பவள் காலையில் மலையையா பார்ப்பாள்? கொடியில் துணி காய்ந்ததா என்று பார்ப்பாள்.

இரண்டாவது: "தாய்மை என்பது—"

இதற்கு மேல் எழுத வெட்கமாக இருந்தது.

மூன்றாவது: "இனியாவுக்கு மறுபடியும் காய்ச்சல்."

இது போதும்.

3

இனியாவுக்கு மறுபடியும் காய்ச்சல். மூன்றரை வயதில் முதுகெலும்பு தெரிகிற உடம்பு. போட வேண்டிய தடுப்பூசி அத்தனையும் வள்ளி அவளுக்குப் போட்டிருந்தாள். ஒவ்வொரு ஊசிக்கும் குழந்தை தொடை வீங்கி, உடம்பு கொதித்து, பால் குடிக்காமல் கிடந்து எழுந்தாள். ஊசியெல்லாம் முடிந்த பிறகும் சளி, இருமல், வயிற்றுப்போக்கு என்று ஏதாவது ஒன்று வாசலில் நின்றுகொண்டே இருந்தது.

கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டிய வீடு அது. கீழே அண்ணன் மனைவி வள்ளி. மாடியில் தம்பி மனைவி தேவிப்ரியா, அவள் மகன் வளவன். இனியாவை விடச் சில மாதம் சின்னவன். அவனுக்கு ஓர் ஊசியும் போட்டதில்லை, ஒரு போலியோ சொட்டும் கொடுத்ததில்லை. தேவிப்ரியா ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் ரிசப்ஷனில் வேலை பார்த்தாள். அங்கே மாதக்கணக்கில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா, உடம்பு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று சொன்னாளாம். அதையே தேவிப்ரியாவும் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொன்னாள்.

வளவனின் உடம்பும் அதை நிரூபிப்பதற்கென்றே பிறந்தது போல இருந்தது. மண் தின்றான். கேட் கம்பியை நக்கினான். மழையில் உட்கார்ந்தான். ஒன்றும் வரவில்லை. ஏதோ ஒரு சங்கம் நடத்திய கொழுகொழு குழந்தைப் போட்டியில் முதல் பரிசாக நீல நிற பிளாஸ்டிக் பக்கெட் வாங்கினான். "எங்களாண்ட ரெண்டு இருக்குதுக்கா, கீழ வெச்சிக்கோ" என்று தேவிப்ரியா அதை வள்ளியிடம் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து வள்ளி அந்தப் பக்கெட்டில்தான் இனியாவைக் குளிப்பாட்டினாள்.

மாடியில் அவன் ஓடும்போது கீழே சுண்ணாம்பு உதிரும். வள்ளி அடுப்படியில் நின்று அந்தக் கனத்தைக் கேட்பாள். இனியா பக்கத்தில் நடந்து வந்தாலே சத்தம் கேட்காது. புடவையைப் பிடித்து இழுத்தால்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமைகளில் கன்னியம்மாள் வருவாள். வீட்டு ஆண்களுக்கு அக்கா, வள்ளிக்கு அண்ணி. அடி அண்ணாமலையில் பூசை சாமான் கடை. வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் இனியாவைப் பார்ப்பாள்.

"இன்னாடி வள்ளி, மறுபடியும் சுருண்டுகினு கீது?"

"சளிதான் அண்ணி. டாக்டர்கிட்ட காட்டிட்டேன்."

"காட்டு காட்டு. டாக்டர் வீட்டுக்குத் தளம் போட்டதே உன்னாலதான். பச்ச உடம்புல குத்திக்கினே இருந்தா அது எப்டிடி தேறும்? மேல பாரு. ஒண்ணு குத்தல. கல்லுகுண்டாட்டம் கீறான்."

"எல்லாரும்தான் அண்ணி போடறாங்க."

"எல்லாரு புள்ளயும் இப்டியா கீது?"

தான் செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும். சரியாகச் செய்தவளுக்கு இப்படி ஒரு பிள்ளை, செய்யாதவளுக்கு அப்படி ஒரு பிள்ளை என்பதுதான் அவளை அரித்தது.*

* கன்னியம்மாள் அடுத்து மாடிக்குப் போய், "ஊரே போடுது, உனக்கு இன்னா கொழுப்பு? நாளைக்கு அவனுக்குக் கால் விளங்காம பூட்ச்சுன்னா தூக்கிக்கினு திரிவியா?" என்று தேவிப்ரியாவிடம் கேட்பாள். கீழே இது கேட்காது. வாசகருக்கு மட்டும் சொல்கிறேன்.

4

இங்கே எனக்கு ஒரு வசதி உண்டு. "வளவனுக்குக் காய்ச்சல் வந்தது" என்று ஒரு வரி எழுதினால் போதும், வந்துவிடும். தட்டம்மை என்று எழுதினால் தட்டம்மை. வாசலில் வேப்பிலை கட்டுவார்கள், வீட்டில் தாளிப்பை நிறுத்துவார்கள், கன்னியம்மாள் மாடிப்படி ஏறமாட்டாள். வள்ளிக்கு நியாயம் கிடைத்துவிடும். தடுப்பூசி போடாதவளுக்குப் பாடம் கற்பித்தாயிற்று என்று நீங்களும் திருப்தியாகப் புத்தகத்தை மூடலாம்.

எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. அதனால்தான் கிழித்தேன். தடுப்பூசி நல்லது, அதைச் சொல்ல ஒரு குழந்தையைப் படுக்க வைக்க வேண்டியதில்லை. இந்தக் கதையில் வளவனுக்கு ஒன்றும் வராது. இப்போதே சொல்லிவிடுகிறேன், எதிர்பார்க்காதீர்கள்.

வள்ளி எதிர்பார்த்தாள். அவளிடம் போய் நான் சொல்ல முடியாது.

5

போலியோ ஞாயிறு. தேவிப்ரியாவுக்கு அன்றும் வேலை. பிள்ளையைக் கீழே விட்டுவிட்டு, ஸ்கூட்டி சாவியைத் தேடிக்கொண்டே சொன்னாள்: "சொட்டு மருந்துனு யாராச்சும் வந்தா, போட்டாச்சுனு சொல்லிடுக்கா."

வள்ளி தலையாட்டினாள். ஸ்கூட்டி தெருமுனை திரும்பியதும் இரண்டு குழந்தைகளுக்கும் முகம் கழுவி, பவுடர் போட்டு, பால்வாடியில் இருந்த முகாமுக்கு நடந்தாள். இனியா இடுப்பில். வளவன் கையைப் பிடித்துக்கொண்டு, அவளை இழுத்துக்கொண்டு.

ஏன் போனாள்?

[முதல் வரைவில், "அவனும் நம்ம புள்ளதானே என்று அவள் மனம்—" என்று எழுதியிருந்தேன். பொய். அடித்தாயிற்று.]

அவனுக்கும் காய்ச்சல் வரட்டும் என்று போனாள். ஊசி இல்லை, சொட்டுதான். இருந்தாலும் ஒரு ராத்திரியாவது அவன் அனத்தட்டும், மாடியில் விளக்கு எரியட்டும், தேவிப்ரியா நனைத்த துணியோடு உட்காரட்டும். நாளைக்கு அவனும் என் பிள்ளை மாதிரி ஆகிவிடட்டும்.

 அந்தச் சொட்டுக்குக் காய்ச்சல் வராது. இனியாவுக்கு ஒரு தடவையும் வந்ததில்லை. வள்ளிக்குத் தெரியும். அன்று அதை நினைத்துப் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை.

இனியா சொட்டைத் துப்பினாள், அழுதாள். வாயைப் பிடித்து மறுபடி விட வேண்டியிருந்தது. வளவன் தானே வாயைப் பிளந்தான். நாக்கைச் சப்புக்கொட்டி, "இன்னும் ஒண்ணு" என்றான். முகாமில் இருந்த அம்மா சிரித்தாள். "எவ்ளோ சமத்து! உங்க பையனா?"

"ஆமா" என்றாள் வள்ளி.

இந்த "ஆமா" நான் திட்டமிட்டதல்ல. அவசரத்தில் வந்தது. அதைச் சொன்னபோது அவளுக்கு இனித்தது.

பாதி வழியில்தான் வளவனின் விரலைப் பார்த்தாள். இடது சுண்டுவிரல் நகத்தில் கறுப்பு மை. சொட்டு போட்ட குழந்தைக்கு அடையாளம். மறுநாள் வீடு வீடாக வருகிறவர்கள் அந்த விரலைத்தான் பிடித்துப் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் பார்க்கப் போகிறவள் தேவிப்ரியா.

வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் தேய்த்தாள். எலுமிச்சம்பழம் தேய்த்தாள். துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் தேய்த்தாள். வளவனுக்குக் கூச்சமாக இருந்தது போல. கெக்கெக்கே என்று சிரித்தான். மை அசையவில்லை. மத்தியானம் முழுக்க அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். முதலில் காய்ச்சல் வந்துவிட்டதா என்று. பிறகு, வந்துவிட்டால் என்ன செய்வது என்று.

6

சாயங்காலம் தேவிப்ரியா நேராகக் கீழ்வீட்டுக்கு வந்தாள். கைப்பையிலிருந்து கறுப்பு ஸ்கெட்ச் பேனா ஒன்றை எடுத்தாள்.

"டேய், விரலக் காட்டுடா. நாளைக்கி வருவாங்க."

போன தடவையும் அப்படித்தானாம், அவளே வரைந்துவிட்டாளாம். வள்ளிக்கு அப்போதுதான் தெரிந்தது. வளவன் கையை நீட்டினான். தேவிப்ரியா குனிந்து பார்த்தாள். வள்ளியின் வாயில் மூன்று பொய்கள் தயாராக இருந்தன. ஒன்றும் தேவைப்படவில்லை.

"அக்கா!" என்று தேவிப்ரியா சிரித்தாள். "நீயே வரஞ்சிட்டியா?"

வள்ளி அவளைப் பார்த்தாள்.

"அச்சு அசலா வெச்சிருக்கியே! போன தடவ நான் வரஞ்சது கோணிக்கினு போச்சு. அந்தம்மா உத்து உத்துப் பாத்துச்சு. எனக்கு உயிரே இல்ல." அவள் வள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேலைக்குப் போற எடத்துல, தெருவுல, நம்ம அண்ணி, எங்கம்மா, எல்லாரும் கேட்டாச்சு. நீயெல்லாம் ஒரு தாயானு. நீ ஒருத்திதான் ஒரு வார்த்த கேட்டதில்ல."

"வெள்ளக்காரம்மா சொன்னாங்கன்னியே" என்றாள் வள்ளி.

"அது ஒரு சாக்குக்கா. எங்கக்கா பையனுக்கு ஊசி போட்ட எடம் சீழ் புடிச்சி, அறுத்து எடுத்தாங்க. நான்தான் காலப் புடிச்சிக்கினு இருந்தேன். அதுலேர்ந்து ஊசினாலே கை கால் ஆடிப்போவுது. சொட்டுக்குப் போனா, ஊசியெல்லாம் போட்டாச்சானு கேப்பாங்க. அதான் அங்கியும் போறதில்ல." வளவனின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "உன்னப் பாத்தா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும், தெரியுமா? புள்ள கத்தக் கத்தப் புடிச்சிக்கினு போட்டுட்டு வந்துட்ட. அதுக்கப்புறம் நிம்மதியாத் தூங்குற."

[கடைசி மூன்று வரிகளை நான் நம்பவில்லை. பொறாமைப்பட்டவள் மேலேயே மற்றவள் பொறாமைப்பட்டாள் என்பது கதைக்குத் தோதான ஏற்பாடு. மூன்று தடவை நீக்கினேன். நீக்கினால் தேவிப்ரியா வெறும் திமிர் பிடித்தவளாக நிற்கிறாள். வைத்திருக்கிறேன்.]

தேவிப்ரியா பேனாவை மூடி வள்ளியின் உள்ளங்கையில் வைத்தாள். "இனிமே இத நீயே வெச்சிக்கோக்கா. உனக்குத்தான் நல்லா வருது."

7

வள்ளி சொல்லிவிடுகிறாள். தேவிப்ரியா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே போகிறாள். அடுத்த மாதம் மாடிக்கு வெளிப்பக்கமாகத் தனிப் படி கட்டுகிறார்கள். நீல பக்கெட் மட்டும் கீழேயே—

இல்லை.

வள்ளி சொல்லவில்லை. ஒவ்வொரு போலியோ ஞாயிறும் தேவிப்ரியா பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறாள், வள்ளி முகாமுக்குக் கூட்டிப் போகிறாள், ஸ்கெட்ச் பேனா அலமாரியில் காய்கிறது. போலியோவிலிருந்து அவன் தப்பித்தான். அவன் அம்மாவுக்குத் தெரியாது. குழந்தைக்கு இதுவே நல்ல முடிவு. ஆனால் மற்ற ஊசிகளுக்கு என்ன செய்வாள்? தொடை வீங்குமே, அதற்கு என்ன மை வைப்பாள்?

அதுவும் இல்லை.

அன்றிரவே அவனுக்கு—

எழுதமாட்டேன் என்று சொன்னேன்.

என்னிடம் இருப்பது இவ்வளவுதான். வள்ளியின் உள்ளங்கையில் பேனா. எதிரே, வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை நல்லவள் என்று சொன்ன ஒருத்தி. "ஊசிக்கு நான் புடிச்சிக்கிறேன், நீ வெளிய நில்லு, வா போலாம்" என்று இப்போது சொன்னால் தேவிப்ரியா வரக்கூடும். ஆனால் அதற்கு முன்னால் அந்த மை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

அந்த ஏன் என்பதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. ஐந்தாவது பகுதியில் எழுதியிருக்கிறேன். அதை வள்ளி தன் வாயால் சொல்ல வேண்டும். அவளுக்காக நான் சொல்லமாட்டேன். வேண்டுமானால் நீங்கள் சொல்லிப் பாருங்கள், சத்தமாக, உங்கள் வீட்டில், நீங்கள் கண் வைத்திருக்கும் பிள்ளையின் அம்மாவிடம்.

வளவன் படியேறி மேலே ஓடிவிட்டான். தலைக்கு மேல் தடதடவென்று சத்தம். சுண்ணாம்பு உதிர்ந்து தேவிப்ரியாவின் தோளில் விழுகிறது.

வள்ளி அதைத் தட்டிவிடக் கையைத் தூக்குகிறாள். வாயையும் திறந்துவிட்டாள்.