சட்டைப்பையில் புகைந்த குச்சிகள்

ஃபாங் முதலாளிக்கு எதுவும் ஒல்லியாக இருக்க வேண்டும். அவருடைய வயிறு மட்டும் அந்தக் கணக்கில் சேராது. சீனாவின் ஷாஜிங்கில், சிப்பி வறுக்கும் கடை ஒன்றின் மேல்மாடியில் அவருடைய நிறுவனம் இருந்தது. புகையிலையைக் கொளுத்தாமல், சூடு மட்டும் காட்டி ஆவியை இழுக்கும் கருவிகளை வடிவமைத்து வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொடுப்பது தொழில். அந்தத் தெருவில் எந்தக் கதவைத் தட்டினாலும் அதே தொழில்தான்.

கருவிக்குள் இருக்கும் அடுப்பு, பொறியாளப் பெண் யின்னின் பொறுப்பு. சமையலறை இண்டக்‌ஷன் அடுப்பின் வித்தைதான். ஆனால் இங்கே அடுப்பு சுண்டுவிரல் நுனி அளவு, பாத்திரம் புகையிலைக் குச்சிக்குள் செருகிய மெல்லிய இரும்புத் தகடு. செம்புச் சுருளில் மின்சாரத்தை அதிரவிட்டால், தொடாமலே அந்தத் தகடு சூடேறிச் சுற்றியுள்ள புகையிலையை வாட்டும். யின் பிறந்ததிலிருந்து ஒரு சிகரெட்டைக்கூட உதட்டில் வைத்ததில்லை. அதற்குத்தான் பெங் அண்ணன் இருந்தார். இழுத்துப் பார்த்து ருசி சொல்வது அவர் வேலை. நாக்கு மழுங்கிவிடும் என்று வேலை நாட்களில் மிளகாய் தொடக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை. மிளகாய் இல்லாமல் சோறு இறங்காத ஹூனான் மாகாணத்துக்காரரான பெங், மதியம் மற்றவர்களுடைய கிண்ணங்களைப் பார்க்கும் பார்வையில் சாப்பிடுபவர்களுக்கே புரையேறும்.

ஜப்பானிலிருந்து குரோகி என்ற வியாபாரி வரப்போகும் வாரம், ஃபாங் மாதிரிக் கருவியைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். முகம் கோணியது.

"என்னம்மா இது, கர்ப்பிணி மாதிரி இருக்கு? எதிர் கம்பெனிக்காரன் லிப்ஸ்டிக் சைஸ்ல பண்ணியிருக்கான்."

"அவங்க பேட்டரியும் லிப்ஸ்டிக் அளவுக்குத்தான் தாங்கும் முதலாளி. ரெண்டு குச்சியிலயே படுத்துடும்."

"அதெல்லாம் வாங்குனவன் கவலை. வாங்க வைக்கறது என் கவலை." மேல்மூடியைக் கழற்றிச் சுருளைச் சுற்றியிருந்த சாம்பல் நிறப் பட்டையை நகத்தால் சுரண்டினார். "இது எதுக்கு?"

"காந்தத் தடுப்பு. சுருளோட வீச்சு வெளிய போகாம உள்ளயே பிடிச்சு வைக்கும்."

"வெளிய போனா யாரையாவது கடிக்குமா?"

"பக்கத்துல இரும்பு இருந்தா அதுவும் சூடாகும். நேத்து என் சாவிக்கொத்தை ஒட்டி வெச்சுப் பார்த்தேன், கை சுட்டுடுச்சு."

"சட்டைப்பைல எவன் சாவி வெப்பான்? பட்டையை எடு."

யின் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சுருளை நெருக்கிச் சுற்றுகிறேன், பேட்டரியைத் தட்டையாக்குகிறேன், ஒரு வாரம் கொடுங்கள் என்றாள். ஃபாங் தேநீர்த் தட்டில் கோப்பைகளைக் கழுவியபடியே தலையாட்டினார். அது அவர் காதை மூடிக்கொண்டார் என்பதற்கு அடையாளம். கடைசியில் அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. பட்டையை உரித்து, கூட்டை இழைத்து, ஒல்லிக்குச்சியாக ஒரு கருவியைச் செய்து அவர் மேசையில் டொக்கென்று வைத்தாள்.

"அம்மாடி! இதுல்ல அழகு!" என்று அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார் ஃபாங்.

குரோகி வந்தார். நெடிய மனிதர், கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புச் சட்டை. பழைய காவியங்களைப் படித்துச் சீனம் கற்றவர் ஆதலால், அவர் வாயைத் திறந்தால் அரண்மனையில் நிற்பது போலிருக்கும்.

"தங்கள் மாளிகையில் கால் வைக்கும் பேறு பெற்றேன்," என்றார், எண்ணெய்ப் புகை படிந்த கூடத்தைச் சுற்றிப் பார்த்து.

பெங் இருமலை விழுங்கினார். ஃபாங் தேநீர் ஊற்றினார், பிறகு எழுந்து நின்றார். விற்கும்போது அவர் உட்கார மாட்டார்.

"பாருங்க குரோகி ஐயா. கருவி, குச்சிப் பாக்கெட், ரெண்டும் ஒரே சட்டைப்பைல. உப்பலே தெரியாது!" பட்டுச் சட்டையின் பைக்குள் இரண்டையும் ஒட்டினாற்போலச் செருகினார். "இப்படியே பொத்தானை அழுத்துங்க. நாம பேசிட்டிருக்கும்போதே உள்ள தயாராகிடும். துடிப்பு வந்ததும் எடுத்து இழுக்க வேண்டியதுதான்."

அழுத்தினார். பிறகு தன் நிறுவனம் பிறந்த கதையைத் தொடங்கினார். அது சின்னக் கதை அல்ல.

பெங்கின் மூக்குதான் முதலில் விழித்தது. யின்னின் முழங்கையை இடித்தார். "ஏம்மா, அவரு எத்தனை குச்சி சொருகியிருக்காரு?"

"ஒண்ணுதான் சொருக முடியும் அண்ணே."

"ஒரு குச்சி வாசம் இல்ல இது. ஒரு பாக்கெட்டே வேகுது."

யின்னுக்கு அப்போதுதான் உறைத்தது. சாவியை யோசித்தாள், பெல்ட்டை யோசித்தாள், பேனா மூடியைக்கூட யோசித்தாள். ஒவ்வொரு குச்சிக்குள்ளும் தானே கேட்டு வாங்கிப் போட்ட இரும்புத் தகட்டை மட்டும் யோசிக்கவில்லை! கருவியை ஒட்டியிருந்த பாக்கெட்டில், சுருளுக்கு அருகில் இருந்த குச்சிகள் எல்லாம் நிம்மதியாக வாடிக்கொண்டிருந்தன. அவள் கையை ஆட்டிச் சைகை காட்டினாள். ஃபாங் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு குரலை இன்னும் உயர்த்தினார்.

அவருடைய இதயத்தின் மேலிருந்து மெல்லிய வெள்ளை ஆவி கிளம்பியது.

குரோகி கோப்பையைக் கீழே வைத்தார். "மன்னிக்க வேண்டும். தங்கள் திருமார்பு புகைகிறது."

ஃபாங் குனிந்து பார்த்தார். "ஐயோ!" என்று பையைப் பிடித்தார், "சூடு, சூடு!" என்று விட்டார், மறுபடியும் பிடித்தார். யின் பாய்ந்து கருவியையும் பாக்கெட்டையும் உருவி மேசையில் போட்டு, கருவியை அணைத்தாள். பெங் தேநீர்க் கெண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவர, "ஊத்தாதே, பட்டுச் சட்டைடா!" என்று அலறினார் முதலாளி. பெங் அதற்குள் பாதி ஊற்றிவிட்டார்.

சட்டையில் தேயிலை ஒட்டிக்கொண்டிருக்க, ஃபாங் நிமிர்ந்தார். வேறு எவனாக இருந்தாலும் அங்கேயே மேசைக்கடியில் போயிருப்பான்.

"பார்த்தீங்களா ஐயா? அடுத்த குச்சியை முன்கூட்டியே இதமாக்கி வெக்கிற வசதி. வேற எவன்கிட்டயும் இல்ல."

யின் கண்ணை மூடிக்கொண்டாள். குரோகி பாக்கெட்டிலிருந்து ஒரு குச்சியை எடுத்து விரல்களால் தடவினார், முகர்ந்தார்.

"அடியேன் ஊர் சப்போரோ. பனிக்காலத்தில் குச்சி விறைத்துக் கட்டையாகிவிடும். முதல் இழுப்பில் காற்றுதான் வரும். வாடிக்கையாளர் அனைவரும் அதைச் சொல்லியே புலம்புகின்றனர்." குச்சியை இரு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார். "இவ்வளவு உக்கிரம் வேண்டாம். இளஞ்சூடு போதும். சட்டையும் பிழைக்க வேண்டும். இயலுமா?"

ஃபாங் யின்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த கெஞ்சலை அவள் அதற்கு முன் கண்டதில்லை. அவரைச் சும்மா விடவும் அவளுக்கு மனமில்லை.

"முடியும் ஐயா. ஆனா தடுப்புப் பட்டை வேணும். ஒரு பக்கம் மட்டும் சின்ன ஜன்னல் மாதிரித் திறந்து விட்டா, அந்தப் பக்கம் கொஞ்சமாத்தான் வீச்சு போகும். குச்சி வெக்கிற உறையும் கூடவே வரணும், கருவி தடிமனாகும்." கடைசி வார்த்தையை முதலாளியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"தடிமன் நல்லதுதானே!" என்றார் ஃபாங் உடனே. "கைக்கு அடக்கமா இருக்கும்!"

"அறையில வெச்சும் வெளிய வெச்சும் சோதிக்கணும். அவசரப்படுத்தக் கூடாது."

"யாரு அவசரப்படுத்துனா? நானா?"

குரோகி எழுந்து இடுப்பு வரை வணங்கினார். "பனிக்காலத்திற்கு முன் வந்தால் போதும். இந்த நற்சிந்தனை யாருடையது என்று அறியலாமா?"

யின் வாயைத் திறப்பதற்குள் முதலாளி நெஞ்சில் கைவைத்தார். வைத்த இடம் இன்னும் எரிந்தது போலிருக்கிறது, முகம் சுளித்துக் கையை எடுத்துக்கொண்டு அவளைக் காட்டினார்.

"இவளோடதுதான். பிடிவாதக்காரி. ஆரம்பத்துலருந்தே அந்தப் பட்டையைப் பத்தித்தான் பேசிட்டிருந்தா."

விருந்தினர் படியிறங்கியதும் ஃபாங் நாற்காலியில் சரிந்து, ஈரச் சட்டையைக் கழற்றிப் பிழிந்தார். யின் அவரிடம் ஒரு துண்டை நீட்டிவிட்டு, சுருளைப் பிரிக்கத் தன் மேசைக்குப் போனாள். பெங் கருகிய குச்சிகளில் ஒன்றை எடுத்து, கருவியில் செருகி, கண்ணை மூடி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"பட்டுச் சட்டை வாசம் லேசா அடிக்குது," என்றார் பெங். "மத்தபடி மோசமில்ல."