ரத்தம் கொடுத்த பிறகு

"வாயைத் திறடி" என்றாள் அம்மா. ஒரு கையில் வலிப்பு மாத்திரை, மறு கையில் தண்ணீர் பாட்டில். ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்த வரிசையே திரும்பிப் பார்த்தது.

மகள் அசையவில்லை. போன முறை அம்மா பேச்சைக் கேட்டு, மாத்திரையை விழுங்கிவிட்டு வந்துதான் ரத்தம் கொடுத்தாள். ரத்தத்தில் மருந்து அதிகமாகத் தெரியவே, டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிட்டார். அடுத்த வாரமே வலிப்பு வந்து தையல் மெஷின் மேல் விழுந்தாள். இன்னொரு முறை விழுந்தால் வேலை கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"ரத்தம் எடுத்த பிறகுதான் போடணும்னு டாக்டரே சொன்னாரும்மா."

"அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாரு. நீ விழுந்தா தூக்கறது நான்தானே?"

"விழாம இருக்கத்தான் சொல்றேன். நீ எவ்வளவு கத்தினாலும் வாயைத் திறக்க மாட்டேன்."

"இப்ப எதால பேசறியாம்?"

வரிசை சிரித்தது. மகள் மாத்திரையைப் பிடுங்கிக் கைக்குள் மூடிக்கொண்டு உள்ளே போனாள். ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே தண்ணீர்கூட இல்லாமல் அதை விழுங்கினாள்.

மாலையில் முடிவு வந்தது. ரத்தத்தில் இருக்க வேண்டிய மருந்தில் பாதிகூட இல்லை. டாக்டர் பழைய அளவையே திரும்ப எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் மகள், அம்மாவின் பைக்குள் கைவிட்டு மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

"இனிமே இது என்கிட்டதான் இருக்கும்."

அம்மா பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி பாட்டிலையாவது நான் வச்சுக்கலாமா?"