விளிம்புக் கோடு

என் பட்டறையில் என் கருவிகளை யாரும் தொடக்கூடாது. தொட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அக்கா வீட்டுக்காரரிடம் மட்டும் அந்தச் சட்டம் செல்லாது. மாப்பிள்ளை முறுக்குக்கு முன்னால் எந்தச் சட்டம் நின்றிருக்கிறது?

மச்சானின் ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது கேம்ஷாஃப்ட் போடும் வேலை. அதற்கு முதலில் இன்ஜினோடு சுழலும் கிராங்க் தண்டின் முனையில் இறுகி உட்கார்ந்திருக்கும் பேலன்சரைக் கழற்ற வேண்டும். பார்வைக்கு ஒரே இரும்பு வட்டு. ஆனால் நடுவில் ஒரு குடம், வெளியே கனத்த வளையம், இடையில் ரப்பர். குடத்தில் போல்ட் போட்டுத்தான் இழுக்கவேண்டும். வளையத்தில் கொக்கியை மாட்டி இழுத்தால் உள்ளே ரப்பர் விட்டுப்போகும், வெளியே தெரியாது. இன்ஜின் வேகம் பிடிக்கும்போது வளையம் கழன்று பறக்கும். பக்கத்தில் நிற்பவன் கதி அதோகதிதான்.

அதனால் குடத்திலிருந்து ரப்பரைத் தாண்டி வளையத்துக்கு ஒரு மஞ்சள் கோடு இழுத்துவைப்பேன். வளையத்தின் விளிம்பில் மடக்கிப் பின்பக்கம் வரை கொண்டுபோவேன். கழற்றிய பிறகு கோடு முறிந்திருந்தால் ரப்பர் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். இதையெல்லாம் மச்சானிடம் நானேதான் சொன்னேன்.

"முறிஞ்சிருந்தா?"

"தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணும். வந்து சேர ஒரு மாசம் ஆகும்."

"ஞாயித்துக்கிழமை ரேஸ் மாப்ள. ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்."

"அதான் நிதானமா கழட்டலாம்கறேன். பதறாத காரியம் சிதறாது."

"நீ பழமொழி சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் கழட்டிடுவேன்."

குடத்தைப் பிடித்து இழுக்கும் புல்லருக்கு வேண்டிய போல்ட்டுகளில் ஒன்றில் மரை தேய்ந்திருந்தது. கடைக்குப் போய் வாங்கி வருவதற்குள் பேலன்சர் மேசைமேல் இருந்தது. மச்சான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எதுல இழுத்தீங்க?"

"நடுவுல போல்ட் போட்டுத்தான். என் கார்லயே ஒண்ணு கெடந்துச்சு. கோட்டப் பாரு, நூல் புடிச்ச மாதிரி இருக்கு."

பார்த்தேன். கோடு நேராக இருந்தது. என்னைக் கேட்காமல் கழற்றியதற்குக் கண்டபடி திட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். நானும் சிரித்தேன்.

கேம்ஷாஃப்ட் மாற்றி, எல்லாவற்றையும் பூட்டி, சனிக்கிழமை இன்ஜினை ஓடவிட்டோம். நான் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதித்தேன். மச்சான் திறந்த பானட்டுக்குள் குனிந்து சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் ஏத்து மாப்ள."

ஏற்றினேன். சம்மட்டியால் தகரத்தை அடித்ததுபோல ஒரு சத்தம். பிறகு மச்சான் தரையில் கிடந்தார். அவருடைய வலது கை முழங்கைக்குக் கீழே கை மாதிரியே இல்லை.

ஆஸ்பத்திரியில் கையை எடுத்துவிட்டார்கள். ரத்தம் பட்ட சட்டையை மாற்றப் பட்டறைக்கு வந்தபோது வளையம் சுவரோரம் கிடந்தது. எடுத்துத் திருப்பினேன். வளையத்தின் முன்பக்கத்தில் ஒரு மஞ்சள் கோடு. விளிம்பில், ஒரு விரல் அகலம் தள்ளி, இன்னொரு மஞ்சள் கோடு. விளிம்பில் இருந்தது என்னுடையது. முன்பக்கத்தில் இருந்ததைத் தின்னரால் துடைத்துவிட்டு, என் பெயிண்ட்டாலேயே நேராகப் புதுக்கோடு போட்டிருக்கிறார். விளிம்பைத் துடைக்க மறந்துவிட்டார். பாவி மனுஷன்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கவேண்டும் என்றுதான் வளையத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். அவர் விழித்திருந்தார். அக்கா கட்டிலருகே நின்றிருந்தாள். அழுது அழுது அவள் முகமே வீங்கியிருந்தது.

"பூட்டும்போது சரியாப் பாத்தியாடா?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் என் பையைப் பார்த்தார். உள்ளே இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்களாச்சும் சொல்லுங்க. இவன் பாத்தானா இல்லையா?" என்று அக்கா அவரிடம் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? மெக்கானிக் அவன்தானே" என்றார் மச்சான்.

பை கனத்தது. அவரைத் தூக்கி நிறுத்தி, சோறு ஊட்டி, சட்டை பொத்தான் போட்டுவிட்டு, இனி காலமெல்லாம் அந்த ஆளோடு இருக்கப்போகிறவள் அக்கா. அந்த வளையத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அவள் அதையெல்லாம் எப்படிச் செய்வாள்? தவிர, ஒரே ஒரு தரம் நான் அதைத் திருப்பிப் பார்த்திருக்கலாம்.

"சரியாப் பாக்கலக்கா."

"இனிமே எங்க வீட்டு வாசப்படி மிதிக்காதே" என்றாள்.

மச்சான் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.