நீர் கோக்காத அம்மை

வத்சலாவுக்கு முதலில் வந்தது காபியின் ருசியா, முழங்கையின் அரிப்பா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஒரே ரயிலில் வந்து இறங்கிய விருந்தாளிகளைப் போல இரண்டும் ஒரே வாரத்தில் வந்தன. ஒருவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, மற்றவரை வாசலோடு அனுப்பிவிடலாம் என்று அவள் நினைத்தாள். அங்கேதான் வந்தது வினை.

ருசி வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்கத்தாவில், கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவர்களுக்குக் கீழ்வீடு. பட்டாபி கணக்குப் பிரிவில் அதிகாரி. பிள்ளை அஷ்வத் ரூர்கேலாவில் ஹாஸ்டலில் படித்தான். பட்டாபியின் மனைவி வத்சலா இரண்டு வருஷமாக வத்சலாவாகவே இல்லை. பால் பொங்கி அடுப்பில் வழியும், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அஷ்வத் போன் செய்தால் "சாப்பிட்டியா" என்று கேட்பாள், அவன் பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவாள். என்ன குறை என்று கேட்டால் குறை ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்கும் புரியவில்லை.

இத்தனைக்கும் அவள் கும்பகோணத்துக்காரி. காபி விஷயத்தில் மாமனாரிடமே சண்டை போட்டவள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு நாள் பட்டாபி அவசரத்தில் ரெண்டாம் டிகாஷனில் காபி கலந்து கொடுத்துவிட்டான். முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். அப்போதுதான் பட்டாபிக்கு விஷயம் விபரீதம் என்று உறைத்தது. யார் யாரையோ விசாரித்து, ஆபீஸில் மூச்சு விடாமல், டாக்குரியாவில் ஒரு மனநல டாக்டரிடம் அழைத்துப் போனான். அவர் ஒரு காப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார். தோலில் தடிப்போ அரிப்போ வந்தால் அன்றைக்கே வந்து சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். இரண்டு பேரும் கேட்டார்கள். கேட்டதோடு சரி.

ஊருக்கு என்ன சொல்வது? "கேஸ் ட்ரபிள்" என்று சொல்லிவைத்தான் பட்டாபி. கல்கத்தாவில் இதைவிட உசத்தியான பொய் கிடையாது. இந்த ஊரில் கேஸ் இல்லாத மனுஷனும் இல்லை, அதற்கு வைத்தியம் சொல்லாத மனுஷனும் இல்லை. மாடி வீட்டு முகர்ஜி பௌதி (அவர்கள் பாஷையில் அண்ணி) ஓமத் தண்ணீர் பாட்டிலோடு இறங்கி வந்தாள். பெஹாலாவிலிருந்து பட்டாபியின் அக்கா ஜகதாம்பாள் சுக்குப் பொடி இடித்துக் கொடுத்தனுப்பினாள். அலமாரியில் வரிசையாக நின்ற அத்தனை கேஸ் மருந்துக்கும் பின்னால் காப்ஸ்யூல் ஒளிந்திருந்தது.

சில வாரம் போயிற்று. ஒரு காலையில் வத்சலா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினாள்.

"ஏன்னா, இது ரெண்டாம் டிகாஷனா?"

பட்டாபி டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினான். பில்டரில் புதுப்பொடி போட்டுவிட்டு அடுப்புக்கு முன்னால் நின்று அழுதான். பெண்டாட்டியிடம் திட்டு வாங்கிவிட்டு இப்படி ஆனந்தப்பட்ட ஆண்பிள்ளை அந்தக் காலனியில் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

அதே வாரம்தான் முழங்கையில் சிவப்பாக ஒரு தடிப்பு கிளம்பியது.

கொசுவாக இருக்கும் என்றாள் வத்சலா. மறுநாள் வயிற்றில் நாலு. சோப்பை மாற்றினாள். தொடையில் திட்டுத் திட்டாகப் பரவியது. கத்தரிக்காயை நிறுத்தினாள், புடவைக்குக் கஞ்சி போடுவதை நிறுத்தினாள், துணி துவைக்கும் பொடியைத் தூக்கி எறிந்தாள். காப்ஸ்யூலை மட்டும் விட்டுவிட்டு வீட்டில் உள்ள அத்தனையையும் சந்தேகப்பட்டாள்! பங்குனி வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு சொறிந்தாள்.

"வத்சலா, ஒருவேளை அந்த மாத்திரையா இருக்குமோ?" என்று பட்டாபி ஒரு தடவை மெதுவாகக் கேட்டான்.

"வாயைக் கழுவுங்கோ! அதெல்லாம் இல்லை."

அவனும் வாயைக் கழுவிக்கொண்டான். அவனுக்கும் பயம். காலையில் காபி நன்றாக இல்லை என்று சொல்ல ஒருத்தி திரும்பக் கிடைத்திருக்கிறாள். அவளைத் தொலைக்க அவனுக்கு மட்டும் மனசு வருமா?

அரிப்பு தாங்காமல் மோமின்பூரில் ஒரு தோல் டாக்டரிடம் போனார்கள். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்டார். அவர் பட்டாபியின் மேலதிகாரியோடு சீட்டாடுகிறவர். வத்சலா பட்டாபியைப் பார்த்தாள். பட்டாபி சுவரில் தொங்கிய காளி காலண்டரைப் பார்த்தான். "இல்லை" என்றாள் வத்சலா. அவர் பாவம், சொன்னதை நம்பி ஒரு களிம்பு கொடுத்து அனுப்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெஹாலாவிலிருந்து ஜகதாம்பாள் வந்து இறங்கினாள். ஆறு ஊரில் அம்மை பார்த்தவள். வத்சலாவின் ரவிக்கைக் கையைத் தூக்கிப் பார்த்தாள், கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள், இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

"அடியே, இது அம்மைடி! மாரியாத்தா விளையாடறா. ஆத்துல மூணு பேர் இருந்துண்டு ஒருத்தருக்கும் கண்ணு தெரியலையா?"

ஆத்தில் இருந்ததே இரண்டு பேர்தான். அதை யார் அவளிடம் சொல்வது? சத்தம் கேட்டு முகர்ஜி பௌதி வந்து எட்டிப் பார்த்தாள். "மாயேர் தயா!" என்று கைகூப்பினாள். அம்மை என்று சொல்லாமல் அம்மாவின் கருணை என்பார்கள் அந்த ஊரில். இரண்டு பாஷையிலும் தீர்ப்பு ஒன்றாகிவிட்டது.

வத்சலாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அம்மை! வந்தால் போய்விடும். மூன்று தண்ணீர் விட்டால் தீர்ந்தது. அப்படியானால் காப்ஸ்யூல் மேல் ஒரு பழியும் இல்லை. நாத்தனார் காலில் விழாத குறை.

"சரி, கேட்டுக்கோ," என்றாள் ஜகதாம்பாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு. "தாளிக்கக் கூடாது. தலை வாரக் கூடாது. வெளியாள் வரக் கூடாது. முக்கியமா மருந்து, மாத்திரை ஒண்ணும் தொடக் கூடாது. அந்தக் கேஸ் மாத்திரை உள்பட. அம்பாளுக்கு ஆகாது."

வத்சலாவின் சந்தோஷம் அங்கேயே அறுந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது கதை. மாத்திரையைக் காப்பாற்ற அம்மையைப் பிடித்தாள். அம்மை வந்து மாத்திரையைப் பிடுங்குகிறது.

"நாலு நாள்தானே, அக்கா சொல்றபடி செய்யேன்," என்றான் பட்டாபி. அவள் தலையாட்டினாள். காப்ஸ்யூல் அட்டையைத் தலையணை உறைக்குள் செருகினாள். வேப்பிலைப் படுக்கையில் படுத்துக்கொண்டு, அக்கா கொடுத்த பானகத்திலேயே தினம் ஒன்றை விழுங்கினாள்.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் அவளுக்குக் குழப்பம். அங்கேயே தங்கிவிட்ட ஜகதாம்பாள் காலையில் வந்து தடிப்புகளைத் தடவிப் பார்ப்பாள். "இன்னும் நீர் கோக்கலையே! நாளைக்குக் கோத்துக்கும்." அவள் போனதும் வத்சலாவும் தடவிப் பார்ப்பாள். கோத்துக்கொள் தாயே, ஒரே ஒரு கொப்புளம் காட்டு, நீதான் என்று தெரிந்துகொள்கிறேன் என்று வேண்டிக்கொள்வாள். உடம்பெல்லாம் கொப்புளம் வேண்டும் என்று கும்பிட்டவளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கொப்புளம் வரவில்லை. ஒரு திட்டு மறைந்தால் இன்னோர் இடத்தில் இரண்டு கிளம்பியது. மாத்திரையால்தான் பரவுகிறதா? அம்பாள் இருக்கும் உடம்பில் திருட்டுத்தனமாக மாத்திரை போட்டதால் அம்பாளுக்கு வந்த கோபமா? எப்படிப் பார்த்தாலும் நடுவில் நிற்பது அந்த மாத்திரைதான் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் கை தலையணைக்குள் போயிற்று. நிறுத்தினால் அந்தப் பழைய வத்சலா வந்து படுத்துக்கொள்வாள். அரிப்போடு இருந்துவிடலாம், அவளோடு இருக்க முடியாது.

ஒரு நாள் மத்தியானம் பானகம் குடிக்கும்போது உதட்டில் வழிந்தது. தொட்டுப் பார்த்தாள். உதடு அவள் உதடாக இல்லை, வீங்கித் தொங்கியது. கண் இடுங்கியது. தொண்டையை யாரோ விரலால் அழுத்துகிற மாதிரி இருந்தது. சாகப்போகிறோம் என்று தோன்றிய அந்த நிமிஷத்தில் அவளுக்கு ஒன்று மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது. சாக அவளுக்கு இஷ்டமில்லை. போன வருஷம் கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருப்பாளா என்பது நிச்சயமில்லை.

"அக்கா!"

ஜகதாம்பாள் ஓடி வந்து பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள். வத்சலா தலையணை உறைக்குள்ளிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள்.

"நான் தினம் இதைப் போட்டுண்டேன்க்கா. அம்பாளை ஏமாத்திட்டேன்."

"என்னது இது? கேஸ் மாத்திரையா?"

"கேஸ் இல்லைக்கா. எனக்குக் கேஸே கிடையாது. இது மனசுக்கு."

ஜகதாம்பாள் அட்டையைப் பார்த்தாள், வீங்கிய முகத்தைப் பார்த்தாள். பிறகு காலனியே அதிரக் கத்தினாள்.

"டேய் பட்டாபி! டாக்ஸி கூப்பிடுடா!"

சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த பட்டாபி கையைக் கூடக் கழுவாமல் வந்து நின்றான். "அம்மை போட்டவளை வெளியில அழைச்சுண்டு போகலாமா அக்கா?"

"அம்மையாவது அத்தையாவது! மூச்சு வாங்கறதுடா அவளுக்கு! ஓடு!"

பக்கத்து நர்சிங் ஹோமில் ஊசி போட்டார்கள். "என்ன மருந்து சாப்பிட்டாள்?" என்று கேட்டபோது யாரும் காலண்டரைப் பார்க்கவில்லை. ஜகதாம்பாளே அட்டையை மேஜைமேல் வைத்தாள். சாயங்காலத்துக்குள் உதடு தணிந்தது, மூச்சு சீரானது. வத்சலாவின் தலையில் ஒட்டியிருந்த வேப்பிலைகளை ஜகதாம்பாள் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"நீ பேசாம இருந்ததைப் பாத்து கர்வம்னு நெனச்சேண்டி நான். ஊரெல்லாம் சொல்லிண்டும் இருந்தேன்," என்றாள். பிறகு அடுத்த இலையைத் தேடினாள்.

டாக்குரியா டாக்டர், ஜகதாம்பாளும் கூட உட்கார்ந்திருக்க, காபி ருசி முதல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பட்டாபியை ஒரு முறை முறைத்தார். காப்ஸ்யூல்தான் காரணம் என்று தோன்றுகிறது, இனி ஜன்மத்துக்கும் அதைத் தொடக் கூடாது என்றார். வேறு ஜாதி மருந்து இருக்கிறது. உடம்பு அடங்கட்டும், ஆரம்பிக்கலாம். அது பிடிக்குமா என்று இப்போதே சத்தியம் பண்ண முடியாது. பிடித்தாலும் பல வாரம் ஆகும்.

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?" என்று தனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டாள் வத்சலா.

"எது வந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்," என்றார் அவர். "போதும்."

இவ்வளவுதானா வைத்தியம் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

தடிப்புகள் மங்கின. அம்பாளுக்கு மாவிளக்குப் போடுவதாக ஜகதாம்பாள் வேண்டிக்கொண்டிருந்தாள். "வந்தது நீயோ இல்லையோ, வேண்டிண்டது வேண்டிண்டதுதான்" என்று சொல்லி அதையும் போட்டாள். புது மருந்து ஆரம்பமாயிற்று. பட்டாபி தினமும் காபி கலந்து கொண்டுவந்து எதிரில் நின்றான். பேப்பர் படிக்கிற பாவனை. பேப்பருக்கு மேலே இரண்டு கண்ணும் அவள் முகத்திலேயே இருக்கும். அவளுக்கு அது தெரியும். முதல் சில நாள் ருசி இருந்தது. அப்புறம் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. நினைவில் இருக்கும் ருசியா, நாக்கில் இருக்கும் ருசியா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஒரு காலையில் ஒரு வாய் குடித்தாள். ஒன்றும் இல்லை. இன்னொரு வாய் குடித்தாள். அப்போதும் ஒன்றும் இல்லை. பேப்பர் அசையாமல் நின்றது. பாவம் மனுஷன், எத்தனை நாளாக இப்படி நிற்கிறான் என்று அவளுக்கு மனசு இளகியது. முகத்தில் பழைய அதட்டலை வரவழைத்துக்கொண்டாள்.

"என்னன்னா, ரெண்டாம் டிகாஷனா?"

பேப்பர் கீழே இறங்கியது. பட்டாபியின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"இல்லை வத்சலா. மொதல் டிகாஷன். பொடி கூட ஒரு கரண்டி ஜாஸ்தி போட்டேன்."

சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். அவனும் நம்பியிருப்பான், நம்பத்தான் காத்துக்கொண்டிருந்தான். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முழுக்கை ரவிக்கையும் தலையணை உறையும் அவள் ஞாபகத்துக்கு வந்தன. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தெரியலைன்னா. நான் பொய் சொன்னேன். சூடா இருக்கு, அது மட்டும்தான் தெரியறது. எனக்குப் பயமா இருக்கு."

பட்டாபி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். மிச்சக் காபியை எடுத்து அவனே குடித்தான்.

"டாக்டருக்குப் போன் பண்ணட்டுமா?"

"பண்ணுங்கோ. அக்காவுக்கும்."

"அக்காகிட்ட என்னன்னு சொல்றது?"

"காபி ருசிக்கலைன்னு சொல்லுங்கோ," என்றாள் வத்சலா. "அவளுக்குப் புரியும்."