மோரிவால் ஊர்ச் சாமியின் மூக்கு

நாராயணசாமிக்குக் கோபம் வந்தால் தொம்மலூர் நாய்கள் தெருவைக் காலி செய்துவிடும். 1997 ஆடியில் போனவை மூன்று நாள் திரும்பவில்லை.

காரணம் ஒரு மூக்கு.

பெல்ஜியத்தின் தெற்கே, பிரெஞ்சு பேசும் வலோனியாவில் மோரிவால் என்றொரு சிற்றூர். ஆளைவிட மாடு அதிகம். சந்தை முனையில் நின்ற கல் புனிதர் புயலில் விழுந்து தூளாகிவிட்டார். அங்கே கல்குவாரி மூடிப் பல காலம். அதே மாதிரி இன்னொருவரைச் செய்து அனுப்பச் சொல்லி, கல் ஏற்றுமதி செய்யும் ஆஸ்டின் டவுன் டெஸ்மண்டுக்குப் போட்டோ வந்தது; அவன் வேலையை நாராயணசாமியிடம் கொடுத்தான். போட்டோவில் புனிதருக்கு மூக்கில்லை. நாராயணசாமி நாற்பது வருடமாகச் சாமி செதுக்குகிறவர். மூளிச் சிலை பட்டறையைத் தாண்டக் கூடாது என்பது தொழில் தர்மம். எவனோ உடைத்திருக்கிறான், பாவம் என்று கேட்காமலே மூக்கு வைத்தார். அதைப் பார்த்துவிட்டு மர்பி டவுனில் இரண்டு கல்யாணம் நின்றுபோயின, மாப்பிள்ளைகளின் மூக்கு மட்டமென்று.

டெஸ்மண்ட் தலையில் கை வைத்தான்.

"என்னா மேன் பண்ணி வெச்சிருக்க? மூக்கில்லாததுதான் மேன் அவங்க ஊர் பெருமையே! முந்நூறு வருஷம் முன்னாடி பக்கத்து ஊர்க்காரன் சண்டையில ஒடச்சான். அதுக்கு வருஷா வருஷம் திருவிழா எடுக்கறாங்க. ஒரு தட்டு தட்டு, முடிஞ்சிது."

"சாமி மூஞ்சில சுத்தி வெச்சா கை அழுவிப் பூடும். வேணும்னா ஒன் மூஞ்சியக் காட்டு, தட்டறேன்."

சிலையைப் பார்க்க வந்த மோரிவால் மேயர், பழுத்த மிளகாயாய்ச் சிவந்தார். அவர் பிரெஞ்சில் கத்தினார். நாராயணசாமி தமிழில் கத்தினார். தரையிலிருந்த கல்தூசி அரையடி எழும்பியது. மேயர் சிலையின் மூக்கைச் சுட்டி, கையால் வெட்டிக் காட்டினார்.

நாராயணசாமி சுத்தியலை அவர் கையில் திணித்தார். "இந்தா, ஒங்க சாமி. நீயே ஒட."

மேயர் ஓங்கினார். புனிதர் அவரையே பார்த்தார். மூன்று முறை ஓங்கி, மூன்று முறையும் இறக்கினார்.

"கேளு டெஸ்மண்டு! முன்ன ஒடச்சவன் பக்கத்து ஊர்க்காரன்தானே? அவனையே வந்து ஒடைக்கச் சொல்லு. விரோதி செய்யற வேலைய என் தலையில கட்டாதே!"

டெஸ்மண்ட் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னான். மேயர் மீசையைக் கடித்தபடி யோசித்து, மூக்கோடு பெட்டியில் அடைக்கச் சொன்னார்.

மார்கழியில் ஃபேக்ஸ் வந்தது. பக்கத்து ஊர் மேயர் திருவிழாவுக்குச் சுத்தியலோடு வந்தாராம். முகத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி, மாட்டேன் என்று திரும்பிவிட்டாராம். இரண்டு ஊருக்கும் மறுபடி சண்டை. தீருகிறவரை மூக்கு தெரியாதிருக்கப் புனிதர் தலைக்குச் சாக்கு மாட்டிக் கட்டியிருக்கிறார்களாம்.

நாராயணசாமி உளியை விட்டெறிந்தார்.

"சாமி மூஞ்சில சாக்கா? பாஸ்போர்ட்டு எங்கய்யா குடுக்கறான்?" என்று சட்டையைத் தேடினார்.