நாற்பத்திரண்டாவது நிமிடம்

பெரிய வெள்ளியன்று கோயில் மைதானத்தில் நடக்கும் இயேசுவின் பாடுகளின் நாடகத்தில், மேடையில் யாரும் பேசுவதில்லை. ஜன்னலெல்லாம் போர்வை தொங்கவிட்ட ஓர் அறையில் வசனங்களை ஒரே மூச்சில் பதிந்துவிடுவார்கள். ஐந்து வருஷத்துக்கு அதே பதிவுதான். நடிப்பவர்கள் ஒலிபெருக்கியில் வரும் குரலுக்கு வாயை மட்டும் அசைப்பார்கள்.

தாய் மரியாளின் குரல் அவன் மனைவியுடையது. அவள் இறந்து எட்டு மாதம். குரலுக்கு மட்டும் இந்த ஒரு வருஷம் மிச்சமிருந்தது, இது ஐந்தாவது. முக்காடு போட்டு அதற்கு வாயசைக்க அவள் தங்கை ஒப்புக்கொண்டிருந்தாள். ஒலியைக் கவனிப்பது வழக்கம்போல அவன்.

பதிவு அவன் கணினியிலேயே கிடந்தது. எட்டு மாதத்தில் ஒருநாளும் திறக்கவில்லை. தனியாகக் கேட்கத் தெம்பில்லை. மைதானம் என்றால் எண்ணூறு பேர். நாற்பத்திரண்டாவது நிமிடத்தில், மகனின் உடலை மடியில் வாங்கித் தாய் பேசும்போது, ஒருத்தி மூக்கைச் சிந்துவாள், எங்கோ கைக்குழந்தை வீறிடும், பின்வரிசையில் செருமுவார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து கேட்டுவிடலாம். தவக்காலம் முழுக்க அவன் நாளை எண்ணிக்கொண்டிருந்தது அதற்காகத்தான்.

புதன்கிழமை ஊரடங்கு போட்டார்கள். காய்ச்சல் பரவுகிறது, யாரும் கூடக்கூடாது. கோயில் கேட்டில் கயிறு கட்டினார்கள்.

இயேசுவாக நடிக்கும் பிளம்பர் போன் செய்தார்.

“மூணு மாசமா தாடி வளர்த்தேன் தம்பி. வேலைக்குப் போன வீட்ல எல்லாம் திருடனைப் பாக்கற மாதிரி பாத்தாங்க. எல்லாம் வீணாப் போச்சு.”

“அப்படியே விட்ருங்கண்ணே. அடுத்த வருஷத்துக்கு ஆகும்.”

“எங்க வீட்டு மகாராணி விடணுமே! நான் வழிக்கலன்னா அவளே கத்திரியை எடுத்துடுவாளாம்.” சிரித்தவரின் குரல் சட்டென்று இறங்கியது. “அடுத்த வருஷம் புதுசாப் பதியணும் இல்ல? இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. மனசு என்னவோ போல ஆயிடுச்சுப்பா.”

“ம்” என்றான்.

வெள்ளிக்கிழமை மதியம் கொழுந்தியாள் கூப்பிட்டாள்.

“மாமா, நாலு மணிக்குப் பதிவைப் போட்டு விடுங்க. வீடியோ கால்ல எல்லாரும் சேர்றாங்க. அவங்கவங்க வீட்லயே நடிச்சுடுவோம்.”

“என்ன விளையாட்டா?”

“அக்கா குரல் இந்த வருஷத்தோட சரி மாமா. நான் அதுக்கு ஒரு தடவையாவது வாயசைக்க வேணாமா?”

சரி என்றான். எட்டுப் பேர் என்றாலும் ஆள்தானே என்று தேற்றிக்கொண்டான்.

நாலு மணிக்குத் திரையில் எட்டுக் கட்டங்கள். பிளம்பர் போர்வையைத் தோளில் சுற்றியிருந்தார், தாடி தப்பியிருந்தது. பிலாத்துவான தையல்காரர் பிளாஸ்டிக் வாளியில் கை கழுவினார்.

“ஏங்க, தண்ணியைச் சிந்தாதீங்க, இப்பத்தானே துடைச்சேன்!” என்று அவர் மனைவி சத்தம் போட்டாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

நாற்பத்திரண்டாவது நிமிடம் வந்தது.

“மகனே, உன்னை முதன்முதலில் தூக்கியதும் இந்தக் கைகள்தான்...”

கொழுந்தியாள் உடைந்தாள். தையல்காரர் மனைவியும் அழத் தொடங்கினாள். பிளம்பர் போர்வையை முகத்தில் அழுத்திக்கொண்டார். யார் சத்தம் உரக்க இருக்கிறதோ அதை மட்டுமே போன் அனுப்பும். அழுகை குரலை விழுங்கிவிட்டது. அவன் மேசைமேல் இருந்த சின்ன ஸ்பீக்கரில் மட்டும் அது தெளிவாக வந்தது. அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. எட்டு மாதமாக எதற்குப் பயந்தானோ அது.

“மாமா, கேக்கவே இல்ல! எங்க அழுகைதான் எங்களுக்குக் கேக்குது. இன்னொரு தடவை போடுங்க, ப்ளீஸ்.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவர்களுக்கும் இதுதான் கடைசி.

“எல்லாரும் மைக்கை அணைச்சிடுங்க” என்றான். “அப்பத்தான் கேக்கும்.”

ஒவ்வொருவராக அணைத்தார்கள். அவன் பதிவைப் பின்னுக்கு நகர்த்தினான்.

இம்முறை சாய்ந்துகொள்ள ஒரு விசும்பல்கூட இல்லை. அறை முழுக்க அவள் குரல் மட்டும். திரையில் கொழுந்தியாளின் உதடுகள் அசைந்தன. பிளம்பருடையதும், தையல்காரருடையதும், அவர் மனைவியுடையதும் அசைந்தன. தாயின் வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. சத்தம்தான் இல்லை.

வசனம் முடிந்து வாய்கள் மூடின. யாரும் மைக்கைத் திறக்கவில்லை. பதிவில் அடுத்தது கல்லறையை மூடும் சத்தம். அதையும் ஓடவிட்டான்.