துடைத்த இடம்

நீருக்குள் மூச்சுக்காற்று தரும் ரெகுலேட்டரைச் சிலிண்டரில் மாட்டப் போனவன் கையை நிறுத்தினான். விரிசல் விட்டிருந்த பழைய ஹோஸைக் கழற்றிவிட்டு நேற்று மாலை அவனேதான் புதியதைப் பூட்டியிருந்தான், தோள் பக்கமாக வளைந்து வரும்படி. இப்போது அது சற்றுக் கீழ்நோக்கி நின்றது. நட்டின் விளிம்பில் புதுக் கீறல். சரியான அளவு ஸ்பேனர் அப்படிக் கீறாது.

யாரோ திறந்திருக்கிறார்கள்.

கிடங்குச் சாவி அவனிடமும் மச்சானிடமும்தான் இருக்கிறது. கப்பலின் அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்ட இவன் நீருக்குள் இறங்கினால், மேலே கயிறு பிடிப்பவர் மச்சான், மனைவியின் அண்ணன். போன வாரம் கயிற்றைக் கையில் பிடிக்காமல் தன் காலில் சுற்றிவிட்டு அவர் போனில் சிரித்துக்கொண்டிருந்ததை மேஸ்திரியிடம் சொன்னவன் இவன். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. வீட்டில் மனைவிதான் இருவருக்கும் நடுவே கிடந்து அல்லாடினாள்.

இறங்குமுன் வழக்கமாகச் செய்யும் வேண்டுதலுக்குக் கண்ணை மூடினான். 'கடவுளே, என்னைக் காப்பாற்று' என்று தொடங்கியது, 'அவரைக் காட்டிக்கொடு' என்று முடிந்தது. அப்படிக் கேட்டதற்குக் கூசிப்போய்க் கண்ணைத் திறந்தான்.

மச்சான் கயிற்றைச் சுருட்டியபடி உள்ளே வந்தார்.

"இதத் தொறந்தது யாரு?"

"நான்தான்."

மறைக்கவே இல்லை. அதுதான் இவனை இன்னும் கலக்கியது.

"என் உசுரு இதுல இருக்கு. தெரியுமில்ல?"

"குப்பைக்கூடையில பழைய ஹோஸ் கெடந்துச்சு, மாப்ள. நுனியில ரப்பர் வளையத்தக் காணோம். கழட்டுறப்போ உள்ளயே ஒட்டிக்கிச்சு. நீ பாக்காம அது மேலயே புதுசப் பூட்டிட்ட. ரெண்டு வளையம். தண்ணிக்குள்ள போனப்புறம் பிதுங்கியிருந்தா?"

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீதான் மூஞ்சியவே பாக்க மாட்டேங்கிறியே. வாளிகிட்டயா சொல்லிட்டுப் போறது?"

"அந்த வளையம் எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன். நீ சாட்சிக்குக் கேப்பேன்னு தெரியல."

கிடங்கு வாசலில் இருக்கும் கூடையைக் காலையிலேயே காலி செய்திருந்தார்கள். பழைய ஹோஸின் நுனியைப் பார்த்தோமா என்று நினைவைத் துழாவினான். ஸ்பேனரை எடுத்தது ஞாபகம் இருந்தது, கையால் முதலில் முடுக்கியது ஞாபகம் இருந்தது. நுனி மட்டும் ஞாபகத்தில் இல்லை. மச்சான் சொல்வது நடக்கக்கூடியதுதான். பொய் சொல்பவரும் நடக்கக்கூடியதைத்தானே சொல்வார்.

சிலிண்டரில் மாட்டி வால்வைத் திறந்தான். காற்று கசிகிறதா என்று பார்க்கத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கும்போது, கேட்காமலே மச்சான் மறுபக்கம் தாங்கிக்கொண்டார். கனம் பாதியானது.

நட்டின் ஓரத்தில் ஒரே ஒரு குமிழி ஒட்டிக்கொண்டிருந்தது.

"அது எறக்குறப்போ தங்குன காத்து," என்றார் மச்சான்.

அவர் விரலை நீருக்குள் விட்டு அதைத் துடைத்துவிட்டார். குமிழி மேலே வந்து உடைந்தது. நீர் அசைந்து அசைந்து அடங்க, இரண்டு தலைகளும் முட்டிக்கொள்ளும் அளவுக்குக் குனிந்து துடைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.